இரண்டு கம்பிக்கு ஒருத்தி

அமலோற்பவத்துக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்ற கவலை அவளைவிடத் தெருவுக்குத்தான் அதிகம். அவளுக்குக் கவலைப்பட நேரம் கிடையாது. விடிந்ததும் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, தலையை உயர்த்திப் பிடித்துக் கஞ்சி புகட்ட வேண்டும். அப்பா அம்புரோஸ் ஒரு காலத்தில் முத்துக் குளித்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபிறகு, மகள் புரட்டினால்தான் புரளுவார். அத்தனை வருஷத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. படுத்த படுக்கையான ஆளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

அதன்பிறகு வேலை. புதுத் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்த இறால் கம்பெனியில், ஐஸ் தண்ணீரில் கிடக்கும் இறாலை நாள் முழுக்க நின்றபடி உரிக்க வேண்டும். மற்ற மேசைகளில் ஒவ்வொருத்தியும் தன் இறாலை முழுசாகத் தானே உரித்தாள். அமலோற்பவம் தன் மேசையில் வேலையைப் பங்கு போட்டிருந்தாள். ஒருத்தி தலையைக் கிள்ளுவாள், அடுத்தவள் ஓட்டைக் கழற்றுவாள், மூன்றாமவள் குடலை உருவுவாள், அமலோற்பவம் கழுவிக் கூடையில் போடுவாள். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. எதிரில் இருப்பவளின் கை போகிற வேகத்தைப் பார்த்து அடுத்தவளின் கை போகும். மேஸ்திரி முதலில் சத்தம் போட்டார். அந்த மேசையின் கூடை எல்லாவற்றுக்கும் முன்னால் நிறைவதைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டார்.

தலையைக் கிள்ளுகிறவள் ஞானபாய். ஐம்பது தாண்டியவள், வெற்றிலை போடாமல் அவளுக்குப் பேச்சு வராது. ஓட்டைக் கழற்றுகிறவள் செண்பகம். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்து, கல்யாணமாகி ஊருக்குள் வந்தவள். ஆண்பிள்ளை மணிக்கட்டு அவளுக்கு. குடலை உருவுகிறவள் ஆக்னஸ். பத்தொன்பது வயது. சிரிப்பை அடக்கத் தெரியாததால் மேஸ்திரியிடம் தினமும் திட்டு வாங்குவாள்.

அமலோற்பவத்துக்குக் கிட்டார் கொழும்பில் வந்தது. சிறுவயதில் கொட்டாஞ்சேனையில் அத்தை வீட்டில் வளர்ந்தாள். அடுத்த வீட்டில் ஒரு பறங்கிக் குடும்பம். சாயங்காலமானால் அப்பன், பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். வேலியோரம் நின்று பார்த்தவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பதினாறு வயதில் ஊருக்குத் திரும்பியபோது கையோடு வந்தது அந்த வித்தை மட்டும்தான். கிட்டார் வரவில்லை.

கடற்கரைத் தெருவில் ஒரு வாலிபர் சங்கம் இருந்தது. கோயில் பாடகர் குழுவுக்கென்று அந்தச் சங்கம் நான்கு கிட்டார் வாங்கிவைத்திருந்தது. வாசித்த பையன்கள் ஒவ்வொருவராகக் கப்பல் வேலைக்குப் போய்விட்டார்கள். கிட்டார்கள் சங்கத்து அலமாரியில் கிடந்தன. அலமாரிச் சாவி செயலாளர் பவுலின் இடுப்பில் கிடந்தது. எழுபத்தைந்தாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், அமலோற்பவம் பங்குச்சாமியிடம் நேராகப் போய்க் கேட்டாள். அவர் பவுலைத் திரும்பிப் பார்த்தார்.

“கிட்டாரா?” என்றார் பவுல். “அதுல இறாலை அள்ளி வைக்கப் போறியளா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆக்னஸும் சிரித்துவிட்டாள். அமலோற்பவம் கையை நீட்டினாள்.

“அள்ளி வச்சா நாறும்ணே. வாசிக்கத்தான் கேக்கேன். சாவியைத் தாங்க.”

சாமியார் பார்த்துக்கொண்டிருந்ததால் பவுலுக்கு வேறு வழியில்லை.

ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் பவுலிடம் சாவியை வாங்கிக்கொண்டு நான்கு பேரும் சங்கத்தில் கூடினார்கள். நடுக்கூடத்தில் ஒரு பெரிய மரமேசை. கம்பெனியில் நிற்கிற வரிசை மாறாமல் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உள்ளறையில் ஆண்கள் கேரம் ஆடுவார்கள். காய் குழியில் விழும்போதெல்லாம் ஒரு கூச்சல் வரும்.

விரல்தான் முதல் தொல்லை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல் நனைந்த அட்டை மாதிரி இருக்கும். இறால் கொம்பு குத்திய இடமெல்லாம் சிவந்து கிடக்கும். அந்த விரலால் இரும்புக் கம்பியை அழுத்தினால் தோல் உரியும், பிறகு சீழ் வைக்கும். மற்றவர்களுக்கு வாசித்து வாசித்துத் தோல் தடித்துப்போகும். இவர்களுக்கு ஞாயிறு தடித்தது திங்கள் கரைந்துவிடும். அமலோற்பவம் உப்புப் போட்ட வெந்நீரில் எல்லோருடைய கையையும் முக்கவைத்தாள். மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டு, மீன்பிடிக்கிற நைலான் தங்கூசியை அளந்து வெட்டி மாட்டினாள். சத்தம் கொஞ்சம் மந்தம். ஆனால் விரல் தப்பித்தது.

மாதா பாட்டு இரண்டு பழகினார்கள். அது போதும் என்று பவுல் நினைத்தார். அந்த நேரத்தில்தான் ஆக்னஸின் அண்ணன் கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்தான். வந்தவன் ஒரு ராக் இசைத்தட்டைக் கொண்டுவந்தான்.

சங்கத்து ரெக்கார்டு பிளேயரில் அதைப் போட்டார்கள். டிரம் அடி கூரையில் தேங்காய் உருட்டுகிற மாதிரி விழுந்தது. ஓர் ஆள் வீட்டார் எல்லோருடனும் ஒரே நேரத்தில் சண்டைபோடுகிறவன்போலக் கத்தினான். நடுவில் கரண்டு கிட்டார் ஒன்று நீளமாக அலறியது, நிறுத்தவே இல்லை. ஞானபாய் காதைப் பொத்திக்கொண்டாள்.

“என்னளா சொல்லுதான் அவன்?” என்றாள் செண்பகம்.

கொழும்பு இங்கிலீஷ் அமலோற்பவத்துக்குப் பாதி உதவியது. “யாரு சொன்னாலும் நான் உக்கார மாட்டேங்கான்.”

“ஏன், அவனுக்கு உக்கார இடம் இருந்துச்சோ?” என்றாள் ஞானபாய். “ஒரு நாளு நம்ம கம்பெனிக்கு வரச் சொல்லு. உக்கார எடம் குடுங்கன்னு கால்ல விழுவான்.”

ஆக்னஸ் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். அமலோற்பவம் சிரிக்கவில்லை. முள்ளை எடுத்துத் தட்டின் தொடக்கத்தில் மறுபடி வைத்தாள். மறுபடியும் வைத்தாள். நான்காம் தடவை உள்ளறையிலிருந்து பவுல் வந்து நின்றார்.

“அந்தக் காட்டுக் கத்தலை நிறுத்து. காய் ஒண்ணுகூடக் குழிக்குள்ள போவ மாட்டேங்குது.”

“இதை நாங்க சங்கத்து ஆண்டு விழாவுல வாசிக்கப் போறோம்ணே,” என்றாள் அமலோற்பவம்.

மற்ற மூவரும் அதை அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். பவுல் சிரித்துவிட்டு உள்ளே போனார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் திட்டைவிட உறைத்தது. அன்றிலிருந்து அந்தப் பாட்டை அந்த மேடையில் ஏற்றாமல் விடுவதில்லை என்று நின்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, செய்வது லேசாக இல்லை. டிரம் இல்லை, கரண்டு கிட்டார் இல்லை, பாடுகிற ஆளும் இல்லை. இருந்தது நான்கு பெட்டிக் கிட்டார். அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப, ஆறு கம்பியும் ஒன்றாக ஒலிக்க வேண்டிய ‘எஃப்’ என்கிற கார்டில் வந்து விழுந்தது. கிட்டார் பழகுகிற எல்லோரையும் அழவைக்கிற கார்டு அது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே பட்டையாகப் படுக்கவைத்து அழுத்த வேண்டும். கொம்பு குத்திய விரலை அப்படிப் படுக்கவைத்தால் உயிர் போகும். வாரக்கணக்கில் முயன்றார்கள். ஆக்னஸின் விரல் வீங்கி, ஒரு வாரம் வேலைக்கே போக முடியவில்லை. வீங்கிய விரலைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப்போட்டவள் அமலோற்பவம்தான். கட்டுப்போடும்போது அந்தப் பெண்ணின் முகத்தை அவள் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் ஆறு கம்பியை அழுத்தச் சொன்னது தன் தப்பு என்று அப்போது பட்டது. ஒரு விரல் ஏன் ஆறையும் அழுத்த வேண்டும்?

மறுநாள் கம்பெனியில் தலை கிள்ளி, ஓடு கழற்றி, குடல் உருவி வருகிற இறாலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“ஞானபாயக்கா, உனக்குத் தடிச்ச கம்பி ரெண்டு. செண்பகத்துக்கு நடுக்கம்பி ரெண்டு. ஆக்னஸுக்கு மெல்லிசு ரெண்டு. அவளவளுக்கு உள்ள ரெண்டை மட்டும் அமுக்கணும், அந்த ரெண்டை மட்டும் அடிக்கணும். மத்ததைத் தொடப்படாது.”

“அப்ப ஒரு கார்டுக்கு மூணு பேரா?” என்றாள் செண்பகம்.

“ஒரு இறாலுக்கு மூணு பேரு இல்லையா?”

அந்த ஞாயிறு வாசித்துப் பார்த்தார்கள். மூன்று பேரும் சரியாக ஒன்றாக அடித்தபோது, மூன்று பெட்டியிலிருந்து ஒரு கார்டு கிளம்பி மேசைமேல் நின்றது. ஒரே கிட்டாரில் வருவதைவிடப் பெரிசாக இருந்தது. ஞானபாய் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள்.

மற்றதெல்லாம் அதன்பிறகு ஒவ்வொன்றாக அமைந்தது. டிரம்முக்குச் செண்பகம். ஒவ்வோர் அடிக்கும் பிறகு உள்ளங்கையால் கிட்டார் பெட்டியில் ஒரு தட்டு. அவள் மணிக்கட்டுக்கு அது விளையாட்டு. பாடகனின் கத்தலை அமலோற்பவம் தன் கிட்டாரில் எடுத்துக்கொண்டாள். அந்த நீண்ட அலறல்தான் கடைசிவரை இழுத்தடித்தது. பெட்டிக் கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டினால் சத்தம் உடனே செத்துப்போகும். அதைச் சாகவிடாமல் வைக்க வேண்டும். அமலோற்பவம் அந்த ஒரே சுரத்தைத் தட்டி, அது தேய்வதற்குள் ஆக்னஸ் எடுத்து, அவளிடமிருந்து செண்பகம், பிறகு ஞானபாய், மறுபடி அமலோற்பவம் என்று மேசையைச் சுற்றிவிட்டார்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு யார் கையில் இருக்கிறது என்றே தெரியாத வேகத்தில். சத்தம் அறுபடாமல் சுற்றியது. கரண்டு இல்லாமலே அலறியது.

சங்கத்துக் கிட்டார் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் ஒத்திகை பார்க்கும்போது கேட்கிற ஒரே ரசிகர் அம்புரோஸ். அவரால் எழுந்து ஓட முடியாது.

“எப்படிப்பா இருக்கு?”

கோணிய வாயால் அவர் சொன்னார். “காதுக்குள்ள... நண்டு... போன மாதிரி இருக்கு.”

“அப்படித்தான் இருக்கணும்,” என்று அவரைப் புரட்டிப் போட்டாள்.

கல்யாண வீடுகளில் வாசிக்கிற பேண்டு செட்டு ஜேசுதாசன் ஒருநாள் கேரம் ஆட வந்தவர், கதவருகே நின்று கேட்டார். நல்ல வித்தைக்காரர். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

“ஏளா அமலி, ஒரு கார்டை மூணு பேரு வாசிக்கிறது எங்கன உள்ள வழக்கம்? ஒத்த வேட்டியை மூணு பேரு கட்டுன மாதிரில்லா இருக்கு.”

“ஒரு தோணியைத் தண்ணியில தள்ள எத்தனை பேரு வாராவ, அண்ணே?”

“அது தோணி.”

“இது அதைவிடக் கனம்,” என்றாள். ஜேசுதாசன் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஒத்துக்கொண்டு ஆட்டினாரா, பரிதாபப்பட்டு ஆட்டினாரா என்று தெரியவில்லை. அவள் போய்க் கேட்கவும் இல்லை.

ஆண்டு விழா நிகழ்ச்சிகளைப் பவுல் சங்கத்து வாசலில் எழுதி ஒட்டியபோது, பெண்களுக்கு மாதா பாட்டு ஒன்று மட்டுமே இருந்தது. அமலோற்பவம் நேராகப் பங்குச்சாமி அறைக்குப் போனாள். பவுல் பின்னாலேயே வந்தார்.

“பாட்டுல கெட்ட வார்த்தை ஏதும் உண்டாம்மா?” என்றார் சாமியார்.

“நாங்க வாயே திறக்கல, சாமி. வாசிக்கத்தான் செய்யுதோம்.”

“அந்தச் செண்பகம் நம்ம கோயிலும் இல்ல, நம்ம சங்கமும் இல்ல, சாமி,” என்றார் பவுல்.

“நடுக்கம்பி ரெண்டும் அவகிட்டதான் இருக்கு,” என்றாள் அமலோற்பவம். “அவ இல்லாட்டி நடுவுல ஓட்டை விழும்.”

சாமியாருக்குச் சாப்பாட்டு நேரம். மாதா பாட்டு முதலில், மற்றது அடுத்து என்று சொல்லி எழுந்துகொண்டார். பவுல் வெளியே வந்து, “எப்படி வாசிச்சுக் கிழிக்கியன்னு பாத்துருவோம்,” என்றார்.

விழா பள்ளிக்கூட மைதானத்தில். ஆடி முடிந்தும் கச்சான் காற்று ஓயவில்லை, மேடைத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் கயிறு கட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் சங்கத்துப் பெரியவர்கள், சாமியார், நடுவில் தலைமை விருந்தினரான ஆறுமுகநேரி உப்பள முதலாளி தாணுலிங்கம் அண்ணாச்சி. கயிற்றுக்குப் பின்னால் மணலில் ஊர். எல்லாவற்றுக்கும் கடைசியில், வேலை முடிந்து அப்படியே வந்துவிட்ட இறால் கம்பெனிப் பெண்கள்.

மேடையில் நான்கு நாற்காலியைப் பவுல் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். நாலும் கூட்டத்தைப் பார்த்தபடி. மேடை என்றால் அப்படித்தான் என்று அமலோற்பவமும் நினைத்தாள். ஓரத்தில் ஞானபாய், அடுத்து ஆக்னஸ், அமலோற்பவம், மறு ஓரத்தில் செண்பகம் என்று உட்கார்ந்தார்கள். மாதா பாட்டில் நால்வரும் ஒரே மெட்டை வாசித்ததால் குறையில்லாமல் முடிந்தது. பெரியவர்கள் கை தட்டினார்கள்.

அடுத்ததைத் தொடங்கியதும் விஷயம் விளங்கிவிட்டது. ஆக்னஸுக்குச் செண்பகத்தின் கை தெரியவில்லை. ஞானபாய்க்கு யாருடைய கையும் தெரியவில்லை. இத்தனை மாதமும் அவர்கள் காதால் வாசித்ததைவிடக் கண்ணால் வாசித்ததே அதிகம், எதிரே இருந்த கையைப் பார்த்துப் பார்த்தே பழகியிருந்தார்கள். அது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. போதாததற்குச் செண்பகத்தின் தட்டைக் காற்று வேறு பக்கம் கொண்டுபோனது. முதல் ‘எஃப்’ மூன்று துண்டாக விழுந்தது. இரண்டாவது, எங்கோ உடைந்த பாத்திரம். கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பிப் பரவியது. ஆக்னஸுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பவுல் மேடை ஓரத்தில் கை கட்டி நின்று, சீக்கிரம் இறங்குங்கள் என்று கண்ணைக் காட்டினார்.

“நிறுத்துங்களா,” என்றாள் அமலோற்பவம். மைக்கில் அது ஊருக்கே கேட்டது.

எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துத் திருப்பினாள். செண்பகத்துக்கு உடனே புரிந்துவிட்டது. தன்னுடையதைத் தூக்கி எதிரே போட்டாள். மற்ற இரண்டும் வந்தன. மேசை இல்லாத இடத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அமலோற்பவத்தின் முதுகும் ஞானபாயின் முதுகும் நேராகத் தலைமை விருந்தினரைப் பார்த்தன.

பவுல் மேடைமேல் ஏறிவிட்டார். “ஏளா! பெரிய மனுசனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருக்க! திரும்பு!”

“முதுகா வாசிக்குது? கைதானே வாசிக்குது.”

“மரியாதை தெரியாது?”

“மரியாதைக்கு ஒரு பாட்டு வாசிச்சாச்சு. இது எங்களுக்கு. வழியை விடுங்கண்ணே, கை மறைக்குது.”

பவுல் இறங்கினார். இறங்கிப் போய் மைக்செட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். ஒலிபெருக்கியில் ஒரு ‘டப்’. அதோடு செத்துப்போயிற்று.

காற்றில், திறந்த மைதானத்தில், மைக் இல்லாத நான்கு பெட்டிக் கிட்டார். நான்காவது வரிசைக்கே எட்டாது. ஞானபாய் அமலோற்பவத்தைப் பார்த்தாள்.

“என்ன பாக்க? உன் கம்பியைப் பாரு,” என்றாள் அமலோற்பவம். செண்பகம் பெட்டியில் தட்டினாள்.

முதல் ‘எஃப்’ முழுசாக விழுந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. மேடையில் நான்கு பேர் கை மின்னுகிறது, சத்தத்தைக் காணோம். முதலில் கம்பெனிப் பெண்கள் எழுந்தார்கள். கூட்டத்துக்குள் வழி பிளந்துகொண்டு வந்தார்கள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். நாற்காலிகளுக்கு நடுவிலும் முன்னாலும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். தாணுலிங்கம் அண்ணாச்சியைச் சுற்றி இறால் வாடை சூழ்ந்தது. அவர் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போக வழியில்லை. காலடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“செத்த அமைதியா இருங்கவே!” என்று ஒருத்தி முன்வரிசைப் பெரியவர்களைப் பார்த்தே அதட்டினாள்.

அலறல் வந்த இடத்தில் அமலோற்பவம் அந்தச் சுரத்தை எடுத்து ஆக்னஸிடம் விட்டாள். அது சுற்றியது. ஆக்னஸின் முகத்தில் அழுகை அப்படியே இருக்க, கை மட்டும் தன் வேலையைச் செய்தது. சுற்றிச் சுற்றி வேகம் ஏற ஏற, கம்பெனியில் கடைசிக் கூடைக்கு வருகிற அதே வெறி நான்கு முகத்திலும் வந்தது. செண்பகம் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினாள். முடிந்தது.

“முடிஞ்சிட்டா?” என்றார் தாணுலிங்கம் அண்ணாச்சி, பக்கத்திலிருந்த சாமியாரிடம்.

மணலில் இருந்தவர்கள் கத்திய கத்தலில் சாமியார் சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலமே பவுல் வீட்டுக்கு வந்தார். கூடச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். அமலோற்பவம் அப்பாவின் வேட்டியை மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றி முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

“சங்கத்து மானமே போச்சு,” என்றார் பவுல். “சங்கத்துக்கு முன்னால வந்து நாலு பேரும் மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா இனிமே கிட்டாரைத் தொடப்படாது.”

“எதுக்கு மன்னிப்பு? தப்பா வாசிச்சதுக்கா, சரியா வாசிச்சதுக்கா?”

பவுல் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“தப்பா வாசிச்சதுக்குன்னா நானே நிறுத்திட்டேன். சரியா வாசிச்சதுக்குக் கேக்க மாட்டேன். மைக்கை அமத்துனியளே, அதுக்கு நீங்க வேணும்னா எங்ககிட்ட வந்து கேளுங்க.”

“அப்ப சாவி கிடையாது.”

“சரி.”

அவர்கள் போனபிறகு உள்ளேயிருந்து அம்புரோஸ், “இனிமே... நல்லாத் தூக்கம் வரும்,” என்றார்.

“வராதுப்பா,” என்றாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு நான்கு பேரும் சங்கத்து வாசலுக்குப் போனார்கள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கேரம் சத்தம் கேட்டது. அமலோற்பவம் வாசல் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“வெறுங்கையை வச்சிக்கிட்டு என்னத்தளா வாசிக்க?” என்றாள் ஞானபாய்.

“வாய் இருக்குல்லா. உன் ரெண்டு கம்பியையும் வாயால சொல்லு.”

ஞானபாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அடித்தொண்டையில் ‘டூம் டூம்’ என்றாள். ஆக்னஸ் மேலே ‘டிங் டிங்’ என்று ஏறினாள். செண்பகம் திரும்பி உட்கார்ந்து, சங்கத்துக் கதவுப் பலகையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். கிட்டார் பெட்டியைவிட அது நன்றாக அதிர்ந்தது. உள்ளே யாரோ, “எவ அவ?” என்று கத்தினார்கள். அலறல் வந்த இடத்தில் நான்கு பேரும் வாய்விட்டே அலறினார்கள்.

அடுத்த ஞாயிறும் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறும். வேடிக்கை பார்க்கத் தெரு கூடியது. கம்பெனிப் பெண்கள் வந்து உட்கார்ந்து, மெட்டை மனப்பாடம் பண்ணித் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே காய்கள் பலகையில் துள்ளின. ஜேசுதாசன் வெளியே வந்து, “நான் கடலைப் பாக்கப் போறேன்வே, அங்கனயாவது சத்தம் கம்மியா இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்று கேட்டார். ஒரு ஞாயிறு பங்குச்சாமி அந்த வழியாக வந்தார். வாசலில் கத்துகிற கூட்டத்தையும் மூடிய கதவையும் பார்த்தார்.

“என்ன பவுலு,” என்று ஜன்னல் வழியாகக் கேட்டார், “சாவி தொலைஞ்சு போச்சா?”

சாமியார் நடையைக் கட்டினார். பெண்கள் பாட்டை மறுபடி தொடக்கத்திலிருந்து எடுத்தார்கள். பாதியில் தாழ்ப்பாள் விலகியது. செண்பகம் ஓங்கிய கை பவுலின் முழங்காலுக்கு அரையடி முன்னால் நின்றது.

பவுலின் முகம் கடுகடுவென்று இருந்தது. சாவியை ஆணிவேரோடு பிடுங்குகிறவர் மாதிரி இடுப்பிலிருந்து உருவி நீட்டினார்.

“எடுத்துத் தொலைங்களா.”

“மன்னிப்பு?” என்றாள் அமலோற்பவம்.

“ஒரு மயிரும் வேண்டாம். உள்ள வா.”

“நாங்க கேக்கிறதைச் சொல்லலண்ணே. நீங்க கேக்கிறதைச் சொன்னேன்.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பவுல் கடல் பக்கம் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “மைக்கை... அமத்தியிருக்கப்படாது,” என்று சட்டைப் பித்தானிடம் சொன்னார்.

அமலோற்பவம் அது போதும் என்று எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். கிட்டார்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, மேசையைச் சுற்றி உட்காரவைத்து, கம்பியை முறுக்கிச் சுதி சேர்த்தாள். உள்ளறையில் காய் ஒன்று குழியில் விழுந்து, ஆண்கள் கூச்சல் போட்டார்கள். அவள் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள்.

“சத்தம் போடாம ஆடுங்க,” என்றாள். “இங்கன நாங்க பழகணும்.”